குயிஸ்மா நீலம்

முதல் வேலை உருளைக்கிழங்கு.
தம்பெரே தொலைக்காட்சி, எண்பத்தொன்று, சமையல் நிகழ்ச்சி.
அவித்த கிழங்கில் ஆவி தெரியவில்லை என்று
பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டாள்
தெல்லெர்வோ குயிஸ்மா.
"யாருக்கு இழவு?" என்றார் தயாரிப்பாளர்.
ஒளிபரப்பான இரவு அவரே தொலைபேசியில்:
"எனக்குப் பசித்துவிட்டது."

அப்புறம் மருத்துவமனைத் தொடர். பதினோரு வருடம்.
ஒரே தாழ்வாரம், ஒரே பச்சைச் சுவர்,
ஜன்னலுக்கு வெளியே அட்டையில் வரைந்த பிர்ச் மரங்கள்.
நான் அங்கேதான் சேர்ந்தேன்,
டேப்பால் தூரம் அளந்து ஃபோகஸ் திருப்புகிறவன்.
நடிகரின் மூக்குக்கும் இமைக்கும் இடையில் மூன்று விரல்;
அதற்குள் என் பிழைப்பு.

நாளுக்கு இருபத்துமூன்று நிமிடம் எடுத்தாக வேண்டும்.
அந்த அவசரத்திலும்
சாகிறவர்களுக்கு மட்டும் ஒரு விளக்கைக் குறைப்பாள்.
இயக்குநருக்கே தெரியாது.
கொக்கோலாவிலிருந்து ஒருவர் எழுதினார்:
வெளிச்சம் குறைந்ததுமே என் மனைவி அழத் தொடங்குகிறாள்,
டாக்டர் வாய் திறப்பதற்குள்.
தயவுசெய்து நிறுத்துங்கள்.
அவள் நிறுத்தவில்லை. கடிதத்தை
லென்ஸ் பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொண்டாள்.

நாற்பத்தாறு வயதில் முதல் திரைப்படம்.
கெமிக்கு அப்பால், உறைந்த கடல்மேல்.
பத்தரைக்கு வந்து இரண்டு மணிக்குப் போய்விடும் சூரியன்,
பாதி நாள் அதுவும் இல்லை.
பாட்டரிகளை என் கக்கத்தில் வைத்துக் காத்தேன்.
ஒன்பதாம் நாள்
பனிக்கட்டித் துளையிலிருந்து வலை ஏறியது,
வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு துளி வெயில்.
நாற்பது விநாடி.
எடிட்டர் வெட்டிவிட்டார்: அழகுதான், கதை நிற்கிறது.
"சரியாகத்தான் சொல்கிறார்" என்றாள்.
ஔலு வரைக்கும் காரில் வேறெதுவும் சொல்லவில்லை.

பிறகு வந்தது துப்பறியும் தொடர்.
ஏரி, பிணம், பனி, மறுபடி ஏரி.
நிறம் சரிசெய்யும் அறையில் ஒவ்வொரு வருடமும்
"இன்னும் கொஞ்சம் நீலம்" என்பாள்.
ஹென்னா குமிழைத் திருப்பிக்கொண்டே என்னைப் பார்ப்பாள்.
நான் தரைவிரிப்பைப் பார்ப்பேன்.

கோபன்ஹேகனில் விருது கொடுத்தார்கள்.
வடக்கின் தனிமைக்கு நிறம் கண்டுபிடித்தவள் என்றார்கள்.
விளக்குக் கடையில் அவள் பெயரில் ஒரு வண்ணத்தாள் விற்றது,
மாணவர்கள் சுருள் சுருளாக வாங்கிப் போனார்கள்.

போன ஜனவரியில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள்.
வ்யூஃபைண்டரில் வைக்கிற கண்.
கட்டு அவிழ்த்த காலை
தலையணையை ஒரு கண்ணால் பார்த்தாள், மறு கண்ணால் பார்த்தாள்.
"இது வெள்ளை" என்றாள். "இது தேநீர்."
மறுபடியும்: "வெள்ளை. தேநீர்."
பிறகு என் டேப்லெட்டை வாங்கி
விருது பெற்ற பாகத்தைப் போட்டாள்.
ஒன்பது நிமிடம் அசையவில்லை.

"என்ன இது, எல்லோரும் மீன்தொட்டிக்குள்ளா
விசாரணை நடத்துகிறார்கள்?"

சிரித்தாள். நர்ஸ் ஓடி வரும்வரை சிரித்தாள்.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள்;
இங்கே மஞ்சள் அவள் கண்ணோடு நின்றது,
அதைச் சரிக்கட்ட அவள் ஊற்றிய நீலத்தை
ஊரெல்லாம் எட்டு வருடம் பார்த்தது.

"உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"ஏன் சொல்லவில்லை?"

என் வேலை தூரம் அளப்பது என்று சொல்ல வாயெடுத்தேன்.
பொய்.
"நன்றாக இருந்தது" என்றேன்.

வாகன நிறுத்தத்தில் புதுப் பனி.
இடது, வலது, இடது என்று கண்களை மாற்றி மூடிக்கொண்டே நடந்தாள்,
கம்பத்தில் மோதாமல் நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

இடது கண்ணுக்குப் பிப்ரவரியில் தேதி கொடுத்திருந்தார்கள்.
கூப்பிட்டு மே மாதத்துக்குத் தள்ளிப்போட்டாள்.
இன்னும் நான்கு பாகம் பாக்கி.